பாப்ரிகா (2006): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதோஷி கொன் இயக்கிய ஜப்பானிய அனிமேஷன் படம் "பாப்ரிகா". பார்த்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். முதல் நான்கைப் படம் பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். ஐந்தாவதிலிருந்து கதை முழுக்க உடைந்துவிடும், பார்த்துவிட்டு வாருங்கள்.

1. அது என்ன பேரு, மிளகாய்ப் பொடி மாதிரி?

மிளகாய்ப் பொடியேதான். ஹங்கேரிச் சமையலில் போடும், காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூளுக்கு அந்தப் பெயர். படத்தில் அது ஒரு பெண்ணின் புனைபெயர். அடுத்தவர் கனவுக்குள் போய் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் பெண். குறைகிற மசாலா எது என்று கடைசியில் இந்தப் பெயரை வைத்தே ஒரு சிலேடையும் வருகிறது.

படம் 90 நிமிடம். மேட்ஹவுஸ் ஸ்டூடியோ தயாரித்தது. 2006 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் முதலில் காட்டப்பட்டது. ஜப்பானில் நவம்பர் 25 அன்று வெளியானது. யசுதகா சுட்சுயி 1993-இல் வெளியிட்ட அதே பெயர் நாவல்தான் மூலம். திரைக்கதை கொன்னும் செய்ஷி மினாகாமியும் சேர்ந்து எழுதியது.

2. கார்ட்டூன்தானே, பிள்ளைங்களோட உக்காந்து பாக்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். உயரத்திலிருந்து குதிக்கும் காட்சிகள் உண்டு. நடுவில், ஒரு பெண்ணை வண்ணத்துப்பூச்சி போல மேசையில் குத்தி வைத்து அவள் உடம்புத் தோலை ஒருவன் உரிக்கும் கனவு வருகிறது. ரத்தம் அதிகம் இல்லை, ஆனால் பாலியல் வன்முறை என்பது பெரியவர்களுக்கே உறைக்கும். சுவரொட்டியில் இருக்கும் பளிச்சென்ற நிறங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

3. டப்பிங்ல பாக்கவா, சப்டைட்டில்லயா? டிவில ஏதாவது செட்டிங் மாத்தணுமா?

ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும். காரணம் குரல். டாக்டர் அட்சுகோ சிபாவுக்கும் பாப்ரிகாவுக்கும் குரல் கொடுத்தது ஒரே ஆள், மெகுமி ஹயாஷிபாரா. சிபாவுக்குத் தாழ்ந்த, அளந்து பேசுகிற குரல். பாப்ரிகாவுக்குத் துள்ளுகிற குரல். பிற்பாதியில் இந்த இரண்டும் கலக்கத் தொடங்கும். கதை பாதி அந்தக் குரலில்தான் நடக்கிறது.

டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' வகை வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினாலும் வரைந்த ஒவ்வொரு படமும் இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு அப்படியே நிற்கும் (13-ஆம் கேள்வி). டிவி அந்த இடைவெளியில் தானாக ஒரு படத்தை உருவாக்கிச் சொருகினால் கை கால் ஓரங்கள் கரைந்து வழியும். வெட்டு விழும் இடத்தில், அதாவது ஒரு காட்சித் துண்டு முடிந்து அடுத்தது ஒட்டும் இடத்தில், இரண்டு காட்சிகள் குழம்பும். வேறு படத்தில் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் படத்தின் உயிரே அந்த வெட்டுகளில் இருக்கிறது.

இன்னொன்று: முதல் ஏழெட்டு நிமிடம் போனைத் தொடாதீர்கள். பிறகு வரும் எல்லாவற்றுக்கும் விதை அங்கே போடப்படுகிறது.

4. கதையைச் சுருக்கமா, குழப்பாம சொல்லுங்க.

ஒரு மனநல ஆய்வு நிறுவனம். அங்கே தொகிதா என்ற பருமனான, குழந்தைத்தனமான மேதை 'டிசி மினி' என்ற சின்னக் கருவியைக் கண்டுபிடிக்கிறார். தலையில் மாட்டிக்கொண்டால் இன்னொருவரின் கனவைப் பதிவு செய்யலாம், அதற்குள்ளேயே போகலாம். இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் சக ஆய்வாளர் சிபா 'பாப்ரிகா' என்ற வேடத்தில் வெளியாட்களுக்கு ரகசியமாகச் சிகிச்சை தருகிறார். அப்படி வரும் ஒருவர் கொனகாவா என்ற போலீஸ் துப்பறிவாளர்.

மூன்று கருவிகள் திருடு போகின்றன. திருடியவன் விழித்திருப்பவர்கள் மூளைக்குள் கனவைத் திணிக்க ஆரம்பிக்கிறான். யார், எதற்கு என்று தேடுவதுதான் கதை.

5. டிசி மினி எப்படி வேலை செய்யுது? அது ஏன் அவ்வளவு ஆபத்து?

தலையின் மேல் வளைந்து உட்காரும் மெல்லிய கருவி. கம்பி இல்லை, பெரிய இயந்திரம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று படம் பாடம் எடுப்பதில்லை; என்ன கோளாறு என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. திருடு போனபோது கருவி முடிக்கப்படவில்லை. யார் எதை அணுகலாம் என்ற கட்டுப்பாடு அதில் இன்னும் போடப்படவில்லை. பூட்டு பொருத்தும் முன்பே வீட்டுக் கதவு களவு போன மாதிரி.

அதைவிட மோசமானது, கருவியோடு பழகியவர்களுக்கு அதை மாட்டாமலேயே கனவு வந்து ஒட்டிக்கொள்வது. சிபா, திருட்டுச் சந்தேகத்துக்கு ஆளாகிக் காணாமல் போன, தொகிதாவின் உதவியாளர் ஹிமுரோவின் குடியிருப்புக்குள் போகும் காட்சியைப் பாருங்கள். சந்து போன்ற ஒரு வழியில் நுழைகிறார், வெறிச்சோடிய பொழுதுபோக்குப் பூங்கா வருகிறது, ஒரு பொம்மை கூப்பிடுகிறது, குறுக்கே இருக்கும் கம்பியைத் தாண்டப் போகிறார். அந்தக் கம்பி உண்மையில் அடுக்குமாடியின் பால்கனிக் கைப்பிடி. அவர் தலையில் கருவி எதுவும் இல்லை.

6. டாக்டர் ஷிமா நடுவுல ஏதோ உளற்றாரு. சப்டைட்டில் தப்பா?

சப்டைட்டில் சரிதான். ஆய்வுப் பிரிவின் தலைவர் ஷிமா ஒழுங்காகப் பேசிக்கொண்டே வருகிறார், ஒரு வாக்கியத்தின் நடுவில் தடம் மாறுகிறது. இலக்கணம் பிசகாது, தொனியும் மாறாது. பொருள் மட்டும் காணாமல் போகும். தவளைகள் குழலும் மேளமும் வாசிக்கின்றன, ஊர்வலம் கிளம்புகிறது என்று அரசாணை வாசிக்கிற மாதிரி சொல்கிறார். பிறகு ஓடிப் போய்க் கண்ணாடியை உடைத்துக் கீழே குதிக்கிறார், பிழைத்துக்கொள்கிறார்.

அவர் சொல்கிற தவளையும் மேளமும் சற்று நேரத்தில் 9-ஆம் கேள்வியின் ஊர்வலத்தில் அப்படியே வரும். அதாவது ஊர்வலம் முதலில் காதுக்குத்தான் வருகிறது, கண்ணுக்குப் பிறகு.

7. சிபாவும் பாப்ரிகாவும் ஒரே ஆளா, ரெண்டு பேரா?

தொடக்கத்தில் ஒரே ஆள், இரண்டு முகம். சிபா வேலையில் கண்டிப்பு, கூந்தலை இறுக்கிக் கட்டியவர், சிரிப்பதில்லை. கனவுக்குள் போகும்போது எடுத்துக்கொள்ளும் வடிவம் பாப்ரிகா: சிவந்த குட்டைமுடி, குறும்பு. கண்ணாடியில் ஒருவர் பார்த்தால் மற்றவர் தெரிவது படம் முழுக்க வரும்.

பிற்பாதியில் இருவரும் தனித்தனியாக நின்று சண்டை போடுகிறார்கள். நீ என்னில் ஒரு பகுதி, சொன்னதைக் கேள் என்று சிபா அதட்டுகிறார்; நீதான் என்னில் ஒரு பகுதியாக இருந்தால் என்ன என்று பாப்ரிகா திருப்பிக் கேட்கிறாள். யார் அசல் என்ற கேள்விக்குப் படம் விடை சொல்லாமல் விடவில்லை. தொகிதாவை விரும்புகிறோம் என்று சிபா தனக்குத்தானே ஒப்புக்கொண்டதும் சண்டை நின்றுவிடுகிறது. அவர் அடக்கி வைத்த பாதிதான் பாப்ரிகா.

8. வில்லன் யாருங்க? ஹிமுரோவா, ஒசனாயா, அந்தச் சக்கர நாற்காலிக்காரரா?

நிறுவனத்தின் சேர்மன் இனுயி, அந்தச் சக்கர நாற்காலிக்காரர். கனவு மனிதர்களின் கடைசிப் புகலிடம், அறிவியல் அதற்குள் செருப்புக் காலோடு நுழையக்கூடாது என்று வாதிடுகிறவர். கருவியை எதிர்ப்பவரே அதைத் திருடி எல்லோர் கனவையும் ஆள நினைப்பதுதான் முரண். அவருக்கு நடக்க முடியாது. கனவில் கால்கள் மரமாகி, வேர்களாகிப் பரவும்.

சிபாவோடு வேலை பார்க்கும் ஆய்வாளர் ஒசனாய் அவர் கையாள். சிபாவின் மேல் ஆசை, தொகிதாவின் மேல் பொறாமை, அந்தப் பலவீனத்தை இனுயி பயன்படுத்திக்கொள்கிறார். ஹிமுரோ வெறும் பலிகடா. முதல் பாதியில் எல்லோரும் அவனைத் துரத்துவதால்தான் பலருக்கு இந்தக் குழப்பம்.

9. ஊர்வலத்துல ஃப்ரிட்ஜ், பூனை பொம்மை, சுதந்திர தேவி சிலை எல்லாம் நடந்து போகுதே, ஒவ்வொன்னுக்கும் அர்த்தம் இருக்கா?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அகராதி தேடினால் களைத்துப்போவீர்கள். மொத்தமாகப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டி, தோரி என்கிற கோயில் வாசல், கையாட்டும் அதிர்ஷ்டப் பூனை, பொம்மைகள், வாத்தியம் வாசிக்கும் தவளைகள். தூக்கிப் போட்ட பொருள்களும், ஒரு காலத்தில் கும்பிட்ட பொருள்களும் ஒரே வரிசையில். வீட்டுப் பரணில் இருப்பதெல்லாம் ஒரு ராத்திரி எழுந்து தெருவில் நடக்கத் தொடங்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

ஊர்வலம் கதையில் செய்யும் வேலை வேறு. அது தனி ஒருவரின் கனவு அல்ல. முதலில் ஒரு நோயாளியின் கனவு. அதைப் பிறர் மூளையில் திணிக்கிறார்கள். திணிக்கப்பட்ட ஒவ்வொருவரின் கனவும் அதோடு சேர்ந்து வரிசை நீளுகிறது. பாலைவனத்தில் தொடங்கும் ஊர்வலம் கடைசியில் டோக்கியோ தெருவுக்கே வந்துவிடும். வரும்போது சேர்ந்துகொள்பவர்களைக் கவனியுங்கள்: அலுவலகம் போகும் ஆண்கள், பள்ளி மாணவிகள், தலைக்குப் பதில் செல்போன் முளைத்தவர்கள். கொன்னின் கேலி அங்கேதான் கூர்மையாக இருக்கிறது.

10. போலீஸ்காரர் கதை எதுக்கு? அதைத் தூக்கிட்டாலும் படம் நிக்குமே?

நிற்காது. படத்தின் திறவுகோல் கொனகாவாவிடம்தான் இருக்கிறது.

அவருக்குத் திரும்பத் திரும்ப ஒரே கனவு. சர்க்கஸில் தொடங்கி, டார்ஜான் படம், ரயில் பெட்டியில் கழுத்தை நெரிக்கும் ஒற்றர் படம், காதல் படம் என்று தாவி, ஒரு நடைபாதையில் முடியும். ஒருவன் சுடப்பட்டு விழுகிறான். சுட்டவன் கதவைத் தாண்டி ஓடுகிறான். கொனகாவா துரத்தினால் தரை அலை போல் நெளிந்து அவரை விழுங்கும். கையில் இருக்கும் தீராத கொலை வழக்குதான் இப்படி வருகிறது என்று அவர் நினைக்கிறார். சினிமாவா, எனக்குப் பிடிக்காது என்று அடித்துச் சொல்கிறார். சினிமாவாகவே கனவு காணும் மனிதர் சினிமா பிடிக்காது என்பதை பாப்ரிகா அப்போதே குறித்துக்கொள்கிறாள்.

உண்மை வேறு. 17 வயதில் நண்பனோடு சேர்ந்து ஒரு துப்பறியும் படம் எடுக்க ஆரம்பித்தார். அந்த நடைபாதைத் துரத்தல் அதில் வரும் காட்சி. பாதியில் விட்டுவிட்டுப் போனார். நண்பன் சினிமாவைத் தொடர்ந்தான், நோய்வாய்ப்பட்டு இறந்தான். மிச்சத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கனவில் வரும் குரல் அந்தக் குற்றவுணர்ச்சி. கனவு மின்தூக்கி நிற்கும் தளமும் 17தான். பிறகு பாப்ரிகாவைக் காப்பாற்றத் திரையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, அதே நடைபாதையில் ஒசனாயைச் சுடும்போது, பழைய படத்தின் கடைசிக் காட்சியை அவர் முடித்து வைக்கிறார்.

இடையில் ஒரு காட்சி சினிமா படிப்பவர்களுக்குத் தனி விருந்து. கொனகாவா தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, அச்சு அசல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா போல உட்கார்ந்து, இருவர் பேசும்போது கேமரா தாண்டக்கூடாத கற்பனைக் கோடு எது என்று பாப்ரிகாவுக்கு விளக்குகிறார். அவர் விளக்க விளக்க, படமே அந்தக் கோட்டைத் தாண்டிக் காட்டும்.

11. கொன் எடிட்டிங், மேட்ச் கட்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க, எதைப் பாக்கணும்?

ஒரு காட்சியில் இருக்கும் உருவமோ அசைவோ அடுத்த காட்சியில் அதே இடத்தில் தொடர்ந்தால் அது மேட்ச் கட். 10-ஆம் கேள்வியில் சொன்ன கனவுத் தாவல்கள் அத்தனையும் இப்படித்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன. இடம் மாறுகிறது, உடை மாறுகிறது, படத்தின் வகையே மாறுகிறது, உடம்பின் அசைவு மட்டும் அறுபடுவதில்லை. விழுவது ஊஞ்சலாக மாறும், ஊஞ்சல் இன்னொன்றாகும். அதனால் கண் எதிர்ப்பில்லாமல் பின்னாலேயே போய்விடுகிறது. கனவில் இருக்கும்போது நாம் எங்கிருந்து எங்கே வந்தோம் என்று கேட்பதில்லை அல்லவா, அதே தந்திரம்.

எழுத்து ஓடும் தொடக்கக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அதிகாலை டோக்கியோவில் பாப்ரிகா போகிறாள். விளம்பரப் பலகைக்குள் படமாகிறாள். அலுவலகத்தில் மேசையிலேயே தூங்கிவிட்ட ஒருவனின் கணினித் திரையிலிருந்து இறங்கி அவனுக்குப் போர்த்திவிடுகிறாள். சறுக்குச் சக்கரத்தில் போகும் பையனின் பனியனில் அச்சாகிறாள். விரலைச் சொடுக்கினால் சாலைப் போக்குவரத்து உறைகிறது. கடைசியில் காரை ஓட்டிக்கொண்டிருப்பது சிபா. ஒரு வசனம் கிடையாது. ஊரில் திரை, கண்ணாடி, அச்சுப் படம் எங்கே இருந்தாலும் அது அவளுக்குக் கதவு என்ற விதியைப் படம் இங்கே சொல்லி முடித்துவிட்டது.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது ஒவ்வொரு 'கட்'டின், அதாவது இரண்டு வெட்டுகளுக்கு நடுவே இருக்கும் துண்டின், நீளம். வரைந்த படத்தில் தேவையில்லாத விவரம் இருக்காது. எதைக் காட்ட வேண்டுமோ அது மட்டும் இருக்கும். கண் அதைச் சட்டென்று படித்துவிடும். நிஜ நடிகர்களோடு எடுத்தால் ஒரு விநாடி தேவைப்படும் இடத்தில் கொன் அரை விநாடியில் வெட்டிவிட்டுப் போவார்.

12. எது கனவு, எது நிஜம்னு பட்டியல் போடப் பாத்தேன். பாதியில வுட்டுட்டேன். ஏதாவது வழி இருக்கா?

முதல் பாதிக்கு உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் நாம் எப்படி உள்ளே வந்தோம் என்று பாருங்கள். கதவைத் திறந்து, காரில் வந்து, நேராக வெட்டி வந்தால் பெரும்பாலும் நிஜம். உருவத்தைத் தொடர்ந்தோ, திரை அல்லது கண்ணாடி வழியாகவோ வந்தால் கனவு. பால்கனிக் காட்சியில் (5-ஆம் கேள்வி) இந்த விதியை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார்: சிபா சாதாரணமாக நடந்துதான் நுழைகிறார்.

பிற்பாதிக்குப் பட்டியல் செல்லாது. ஊர்வலம் தெருவுக்கு வந்தபின் இரண்டும் ஒன்றே. அங்கே உங்கள் பட்டியல் உடைந்தால் நீங்கள் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று பொருள்.

13. இதையெல்லாம் கையால வரைஞ்சாங்களா, கம்ப்யூட்டரா?

வரைந்தது கையால், நிறம் பூசிக் கூட்டியது கணினியில். கொன்னின் முதல் இரண்டு படங்கள் பழைய முறைப்படி செல்லுலாயிட் தாளில் வண்ணமடித்தவை; மூன்றாவதிலிருந்து டிஜிட்டல்.

வேலை இப்படி நகரும். முதலில் எகொன்தே என்கிற ஸ்டோரிபோர்டு. ஒரு தாளில் மேலிருந்து கீழாக ஐந்து கட்டங்கள். பக்கத்தில் கட் எண், என்ன நடக்கிறது, வசனம், கடைசிப் பத்தியில் நேரம். "3+12" என்று இருந்தால் மூன்று விநாடி, பன்னிரண்டு ஃப்ரேம். அடுத்து லேஅவுட்: கட்டத்தை முழு அளவில், பின்னணி எங்கே, ஆள் எங்கே என்று வரைவது. பிறகு அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரையும் முக்கியப் படங்கள். அனிமேஷன் இயக்குநர் அவற்றைத் திருத்துவார். இதில் அது மசாஷி ஆண்டோ, மியாசாகியின் "ஸ்பிரிட்டட் அவே" படத்திலும் அதே பொறுப்பில் இருந்தவர். பிறகு அவற்றின் நடுவே அசைவை நிரப்பும் இடைப்படங்கள், ஸ்கேன், நிறம், தனியே வரைந்த பின்னணி, எல்லாவற்றையும் அடுக்கிப் படம் பிடித்தல்.

90 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,29,600 ஃப்ரேம். ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் வரைவதில்லை. ஒரு படத்தை மூன்று ஃப்ரேம் நிறுத்தினால் விநாடிக்கு எட்டுப் படம் போதும், இரண்டு ஃப்ரேம் என்றால் பன்னிரண்டு. பேசும்போது வாய்க்கு மூடியது, பாதி, திறந்தது என்று மூன்று வடிவம். உதடு மட்டும் அசைவது போலத் தெரிவதன் காரணம் இதுதான். அங்கே மிச்சம் பிடித்த உழைப்பை ஊர்வலத்தில் கொட்டலாம்: அங்கே ஒவ்வொரு பொம்மையும் தன் போக்கில் ஆடுகிறது, ஒன்றை வரைந்து பத்தாக நகலெடுக்க வழியில்லை.

மேட்ச் கட் தவறினால் எங்கே தவறும் என்பதும் இங்கேதான் புரியும். நடிகர்களை வைத்து எடுப்பவர் கூடுதலாக நாலு கோணம் எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டிங் மேசையில் தேடலாம். அனிமேஷனில் கூடுதல் காட்சி என்று ஒன்று கிடையாது. ஒட்ட வேண்டிய இரண்டு கட்டுகளையும் வேறு வேறு ஆள் வரையலாம். தலை அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலும் ஒட்டு தெறித்துவிடும். அதனால் எடிட்டிங் ஸ்டோரிபோர்டிலேயே முடிந்துவிட வேண்டும். கொன் அதைத் தானே, மிக விரிவாக வரைவதற்குக் காரணம் இதுதான்.

14. மியூசிக் யாரு? பாடுறது மனுஷக் குரலா இல்லையான்னே தெரியல.

சுசுமு ஹிராசாவா. பி-மாடல் என்ற ஜப்பானிய எலக்ட்ரானிக் இசைக் குழுவை நடத்தியவர். காதில் சந்தேகம் வந்தது சரிதான்: தன் குரலோடு 'லோலா' என்ற வோகலாய்டு மென்பொருளின் செயற்கைக் குரலையும் பயன்படுத்தியிருக்கிறார். இசையைக் கோர்த்தது அப்போதே பழையதாகிவிட்ட அமிகா கணினியில்.

ஊர்வல இசை கேட்கக் கொண்டாட்டமாக இருக்கும், அடியில் ஒரு நடுக்கம் ஓடும். மேளம் ஒரே சீராக அடித்துக்கொண்டே போவதால் நிற்கவே நிற்காது என்ற பயம் வருகிறது. கொன்னின் நான்கு படங்களில் இரண்டுக்கும் அவர் எடுத்த தொலைக்காட்சித் தொடருக்கும் (17-ஆம் கேள்வி) இவர்தான் இசை.

15. நாவலைப் படிச்சா படம் புரியுமா?

நாவல் வேறு ருசி. ஜப்பானிய 'மேரி க்ளேர்' இதழில் தொடராக வந்தது. அதில் சிபாவும் தொகிதாவும் நோபல் பரிசுப் பேச்சில் அடிபடுகிறவர்கள். நிறுவனத்துக்குள் நடக்கும் பதவிச் சண்டைக்கு நிறைய பக்கம். கார் கம்பெனி அதிகாரி ஒருவரும் முக்கிய நோயாளி. படம் அவரை விட்டுவிட்டது. பாப்ரிகா ஆட்களைச் சந்திக்கும் இடமான 'ரேடியோ கிளப்', நாவலில் நிஜமான மதுக்கடை. படத்தில் அது ஓர் இணையதளம், உள்ளே போனால் கடை. அந்தக் கடையில் நிற்கும் இரண்டு பரிசாரகர்களுக்குக் குரல் கொடுத்தது யார் என்றால், ஒருவர் சுட்சுயி, ஒருவர் கொன்.

கொன் இதை முதல் படம் முடிந்தவுடனேயே எடுக்க நினைத்தார், அப்போது நடக்கவில்லை. பிறகு 2003-இல் இருவரும் சந்தித்தபோது எழுத்தாளரே நீங்கள் எடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு கொசுறு: இதே 2006-இல் இதே மேட்ஹவுஸ், இதே சுட்சுயியின் "காலத்தைத் தாண்டிய சிறுமி" கதையையும் படமாக்கியது, மமோரு ஹொசோடா இயக்கத்தில்.

16. இன்செப்ஷன் இதைப் பாத்துக் காப்பி அடிச்சதுன்னு சொல்றாங்களே?

ஒற்றுமை இருக்கிறது, மறுக்க வேண்டாம். கருவி வழியாகப் பிறர் கனவுக்குள் போவது, தளத்துக்கு ஒரு நினைவாக நிற்கும் மின்தூக்கி, நடைபாதையில் ஈர்ப்பு குலைவது, தொட்டதும் கண்ணாடியாய் உடையும் காட்சி.

காலக்கணக்கு இப்படி: கனவுத் திருடர்கள் கதையை இன்செப்ஷன் இயக்குநர் நோலன் 80 பக்கச் சுருக்கமாக வார்னர் நிறுவனத்திடம் கொடுத்தது 2000-களின் தொடக்கத்தில். பாப்ரிகா படம் 2006, இன்செப்ஷன் 2010. எனவே கருவே இங்கிருந்து போனது என்று சொல்ல முடியாது; சில காட்சிகளின் சாயலைப் பற்றி வாதாடலாம்.

ஆனால் இரண்டும் எதிர்த் திசையில் போகிற படங்கள். நோலனின் கனவுக்கு அடுக்கு, கணக்கு, கட்டட வரைபடம் எல்லாம் உண்டு. யாராவது ஒருவர் விதியை விளக்கிக்கொண்டே இருப்பார். கொன்னின் கனவுக்கு வரம்பு கிடையாது, வழிந்துகொண்டே போகும். கனவு மாதிரி இருப்பது எது என்று கேட்டால், கொன்னுடையதுதான்.

17. கொன் மொத்தம் எத்தனை படம் எடுத்தார்? எதுல ஆரம்பிக்கலாம்?

நான்கே நான்கு. "பெர்ஃபெக்ட் ப்ளூ" (1997), "மில்லேனியம் ஆக்ட்ரஸ்" (2001), "டோக்கியோ காட்ஃபாதர்ஸ்" (2003), "பாப்ரிகா". நடுவில் 13 பகுதிகள் கொண்ட "பாரநோயா ஏஜென்ட்" தொடர் (2004). கடைசியாக முடித்தது "ஒஹயோ" என்ற ஒரு நிமிடக் குறும்படம்: ஒரு பெண் தூங்கி எழுகிறாள், அவ்வளவுதான்.

1963-இல் ஹொக்கைடோவில் பிறந்தவர். முசாஷினோ கலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மாங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை வரைந்தார், "அகிரா" புகழ் கட்சுஹிரோ ஒட்டோமோவுக்கு உதவியாளராக இருந்தார், பின்னணி, லேஅவுட் வேலைகள் வழியாக அனிமேஷனுக்கு வந்தார். லேஅவுட் கை எங்கே பழகியது என்று 13-ஆம் கேள்வியோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசை என்று கேட்டால் "மில்லேனியம் ஆக்ட்ரஸ்" முதலில். அங்கே வெட்டுக்கு வெட்டு காலம் தாவும், ஆனால் கதை நேர்க்கோடு, கண் பழகிவிடும். பிறகு "பாப்ரிகா". "பெர்ஃபெக்ட் ப்ளூ" மூன்றாவது, ராத்திரி தனியாக வேண்டாம். "டோக்கியோ காட்ஃபாதர்ஸ்" எப்போது வேண்டுமானாலும். நாலில் அதிகம் சிரிக்க வைப்பது அதுதான்.

18. அடுத்த படம் பாதியில நின்னுடுச்சாமே?

ஆமாம். "கனவு காணும் இயந்திரம்" என்ற படம். பாத்திரங்கள் எல்லாமே ரோபோக்கள். இந்த முறை சிறுவர்களுக்காக. 2010 மே மாதம் கொன்னுக்குக் கணையப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பது தெரிந்தது. ஆகஸ்ட் 24 அன்று, 46 வயதில், வீட்டில் இறந்தார். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. இறந்தபின் அவர் இணையதளத்தில் வெளியான நீண்ட கடிதத்தில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அதில், பாதியில் விடும் படத்தை நினைத்துத் தயாரிப்பாளர் மசாவோ மருயாமாவிடம் அழுததையும் எழுதியிருக்கிறார். முடிவில், வேலை முடித்துக் கிளம்புகிறவர் சக ஊழியர்களிடம் சொல்கிற அந்தச் சாதாரண வார்த்தை: "முன்னாடி கிளம்புறேன்."

மருயாமா முடிக்கப் பார்த்தார். பணம் ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை 13-இல் சொன்னதுதான்: எடிட்டிங்கே ஸ்டோரிபோர்டில் நடக்கும் இயக்குநரின் வேலையை வேறு கை எடுத்தால் அது வேறு படமாகிவிடும்.

19. கடைசிச் சீன்ல போலீஸ்காரர் தியேட்டர் வாசல்ல நிக்கிறாரே, அந்த போஸ்டர் எல்லாம் என்ன?

கொன்னின் முந்தைய மூன்று படங்களின் போஸ்டர்கள்தான் சுவரில். அவர் பார்க்கப் போவது அவற்றில் எதுவும் இல்லை. பாப்ரிகா மின்னஞ்சலில் சொல்லி அனுப்பிய "கனவு காணும் குழந்தைகள்" என்ற படம். அப்படி ஒரு படம் வெளியே கிடையாது, தேட வேண்டாம். பெயர் 18-இல் சொன்ன படத்தின் பெயரோடு உரசுவதைப் பலர் கவனித்திருக்கிறார்கள்.

சினிமா பிடிக்காது என்று அடித்துச் சொன்ன மனிதர் (10-ஆம் கேள்வி) கொஞ்ச நேரம் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு டிக்கெட் கவுன்ட்டருக்குப் போய், "பெரியவங்க டிக்கெட் ஒண்ணு" என்கிறார். அதோடு எழுத்து ஓட ஆரம்பிக்கிறது, ஹிராசாவாவின் பாட்டோடு.